டயலுக்கு அடியில் ஒரு சேவல்

ரிப்பேர்க்கடை பெல்லாத்தோன் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு நொடி பார்த்தான். "இது பெர்லா கம்பெனி மெஷின் இல்லையேம்மா" என்றான்.

ஓர்தான்ஸ் கையுறையைக் கழற்றி அவன் மேஜைமேல் அடித்தாள். "உனக்குக் கண்ணு தெரியுதா தெரியலையா? டயல்ல பெர்லான்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. மூடியில 'எங்கள் நூமாவுக்கு நன்றியுடன்'னு வெட்டியிருக்கு. மீசை முளைச்ச நாள்ல இருந்து நரைச்ச நாள் வரைக்கும் இந்த மனுஷன் அங்கதான் குப்பை கொட்டினாரு. அவங்க கையால கொடுத்த பரிசு இது."

அந்த மனுஷன், அவள் புருஷன் நூமா, அடுப்போரம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியே தெருவில் பனி வாருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை கம்பெனிக்கு நூற்றாண்டு விழா. ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் பரிசுக் கடிகாரத்தைக் கோட்டில் மாட்டிக்கொண்டு வரவேண்டும், போட்டோக்காரர் வருகிறார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவருடையது நின்று போயிருந்தது. வீட்டிலேயே பிரித்துப் பாருங்களேன் என்றால், கருவியெல்லாம் கம்பெனியோடு போச்சு என்றார். "நின்னா நிக்கட்டும். போட்டோவுல முள்ளு ஓடுறதா தெரியப்போகுது?" என்றும் சொல்லிப் பார்த்தார். ஓர்தான்ஸ் விடுகிறவளா? கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

"அப்போ யாரு பண்ணினது? அது தெரியாம நான் இங்கேருந்து நகரமாட்டேன்."

பெல்லாத்தோன் முள்ளைக் கழற்றினான். டயலைக் கழற்றினான். "இந்த ஸ்பிரிங்கைப் பாருங்க. ஒவ்வொரு கம்பெனியும் இதை ஒவ்வொரு விதமா வெட்டும். பெர்லாவோடது வாத்துக் கழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும். இது குச்சியா நிக்குது."

பிறகு இடுக்கி முனையால் ஓரத்தைத் தொட்டுக் காட்டினான். கடுகளவுக்கு ஒரு சேவல் முத்திரை.

சேவல் கம்பெனி. கீழே பள்ளத்தாக்கில், சந்தைக்கடைக்கு டஜன் கணக்கில் கடிகாரம் அடித்துத் தள்ளுகிறவர்கள். கடிகாரத்துக்குப் பேர்போன இந்த லா ஷோ-த-ஃபோன் ஊரில் ஒருவன் வேலையைக் கேவலப்படுத்த வேண்டுமென்றால் 'சேவல் வேலை' என்றால் போதும், கைகலப்பு நிச்சயம்.

கடைக்காரன் எவனாவது தன் பேரைப் போட்டுத் தரச் சொன்னால் போட்டுக் கொடுப்பது இந்த ஊரின் பிழைப்புதான். லிஸ்பன் கடையின் பேரும் லண்டன் கடையின் பேரும் இங்கேதான் டயலில் ஏறும். ஆனால் கடிகாரம் செய்கிற கம்பெனியே அடுத்தவன் மட்ட மெஷினை வாங்கி, தன் பேரை ஒட்டி, தன் தொழிலாளி தலையிலேயே கட்டுமா?

"கட்டிட்டாங்களே பாவிங்க" என்றாள். "பரிசு குடுத்த அன்னைக்கு முதலாளி பொண்டாட்டி என் கன்னத்துல மூணு முத்தம் குடுத்தா. நானும் வெக்கமில்லாம அழுதேன். உழைச்சு ஓடாத் தேஞ்சவனுக்குச் சந்தைக்கடைச் சாமான்."

என்ன செய்வது என்பதும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. மாலையில் முதலாளி ஒயினை உயர்த்திப் பேச எழுந்ததும், இதை இப்படியே திறந்தபடி அவர் தட்டில், தொத்திறைச்சிக்குப் பக்கத்தில் வைப்பாள். ஊர் பார்க்கட்டும்.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம். என் பக்கத்துல நின்னா போதும். நிப்பீங்கல்ல?"

நூமா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"வாயைத் தைச்சு வெச்சிருக்கா? உங்களுக்குக் கோபமே வராதா?"

அவள் அண்ணன் ஒக்தாவ் இருந்திருந்தால் இந்நேரம் கம்பெனிக் கதவை உடைத்திருப்பான். நூமாவுக்கு முன்பே அதே கம்பெனியில் ஓய்வு பெற்றவன், அவனுக்கும் இதே பரிசு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தால் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டு, "நம்ம சத்தம்டா நூமா" என்பான். நூமாவும் தலையாட்டுவார். போன குளிர்காலத்தில் சாகும்போது, அதை உள்ளங்கையில் வைத்துத்தான் புதைக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

"ஒக்தாவுக்கு மட்டும் அசலைக் கொடுத்திருப்பாங்க" என்றாள், தன்னையே சமாதானப்படுத்துகிற மாதிரி. "அவன் மேஸ்திரி. அவன்கிட்ட இந்த வேலை நடக்காது."

"திறந்து பார்க்காம எப்படிம்மா சொல்றது?" என்றான் பெல்லாத்தோன்.

"தோண்டியாவது பார்க்கிறேன். பாதிரியார்கிட்ட நானே போய்க் கேக்கிறேன்."

"தோண்ட வேண்டாம்" என்றார் நூமா. "அதுலயும் சேவல்தான்."

ஓர்தான்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தொப்பியின் விளிம்பைப் பிடித்துச் சுழற்றினார்.

"பரிசுக் கடிகாரத்துக்கெல்லாம் பெர்லா டயல் மாட்டினது நான்தான். மாடி அறையில, கதவைச் சாத்திக்கிட்டு. ஒக்தாவோடதும் நான்தான். கடைசியில என்னோடதும் எங்கிட்டயே வந்துச்சு. இருந்ததுலயே நல்லதாப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கிட்டேன்."

பெல்லாத்தோன் கண்ணிலிருந்த லென்ஸை எடுத்துத் துடைத்தான். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. "மறுபடி மாட்டிடட்டுமாம்மா?" என்று கேட்டான்.

"நீ எதுக்குத் தம்பி சிரமப்படுற" என்றாள் ஓர்தான்ஸ். உள்ளே வந்ததிலிருந்து முதல் முறையாகக் குரலைத் தாழ்த்தியிருந்தாள். "அவர்கிட்டயே குடு. மாட்டிப் பழக்கப்பட்டவர்."

நூமா தொப்பியை வைத்துவிட்டு மேஜைமுன் உட்கார்ந்தார். இடுக்கியை எடுத்தார்.

டயல் முதல் தடவையிலேயே நேராகப் பொருந்தியது.