எட்டாத கரண்டி

சியன்னா நகரத்தின் ஒடுங்கிய சந்தில் உச்சிவெயில், ரொட்டிக்காரி தெஸ்ஸாவின் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருட்டில், கொள்ளைநோய் கண்டு வைக்கோல்மேல் கிடக்கிறாள் அவள். அக்குளில் கோழிமுட்டை அளவுக்குக் கட்டி. படியில் நிற்கும் பாதிரியார் நூத்தோ, நீளக் காம்புள்ள வெள்ளிக் கரண்டியில் நற்கருணை அப்பத்தை வைத்து அவள் வாய்க்கு நேரே நீட்டுகிறார். நோய் தொற்றாமலிருக்கத் திருச்சபை ஆயர் சொல்லியனுப்பிய முறை இது. கரண்டி ஒரு முழம் எட்டவில்லை. "உள்ள போயிடாதீங்க சாமி, அவ மூச்சுக்காத்தே விஷம்," என்கிறார் பின்னால் நிற்கும் வைத்தியர் பிந்தோ, காடியில் நனைத்த துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு. "தலையத் தூக்க முடியல சாமி," என்கிறாள் தெஸ்ஸா. "என் கல்யாணத்தன்னிக்கு அடுப்படி வரைக்கும் வந்து ரொட்டி கேட்டீங்க. இப்ப இந்தப் படியத் தாண்டக் கூடாதா?" நூத்தோவுக்கு முகம் சுடுகிறது. நற்கருணையை விரல்களில் எடுத்துக்கொண்டு, கரண்டியைப் படியிலேயே போட்டுவிட்டு உள்ளே போகிறார். அவள் தலையை மடியில் ஏந்தி நாவில் வைக்கிறார். ஈக்கள் எழுந்து மறுபடி அமர்கின்றன. அவள் மெல்ல விழுங்கிக் கண்ணை மூடிய பிறகு வாசலுக்கு வருகிறார். படியருகே வைத்தியர் இல்லை. சந்தின் மறுகோடியில், சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறார். "அங்கயே நில்லுங்க சாமி," என்கிறார் பரிவோடு. "கிட்ட வராதீங்க."