இரும்பனின் கவசம்

"ஆட்ட விதிப் புத்தகத்தோட புதுப் பதிப்புக்கு மாறினாத்தான் இனிமே நான் விளையாட வருவேன்" என்று டிரைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு மதியம் ஆனால் டெய்லர் கடையின் ஷட்டர் பாதி இறங்கிவிடும். துணி வெட்டும் மேஜைதான் போர்க்களம். ஆட்டம் ஒரு கற்பனைக் கதை; டெய்லர் அதை நடத்துவார், பூதங்களுக்கும் அவரே பகடை உருட்டுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். பட்டன்கள்தான் பூதங்கள். யார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை இஞ்ச் டேப் சொல்லும்.

பஸ் ஓட்டும் டிரைவர் இங்கே வீரன், பெயர் இரும்பன். மேஜையில் அவனுக்கு அடையாளம் ஒரு கறுப்பு நூல்கண்டு. பல வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்த பாத்திரம். இந்த விளையாட்டில் செத்தால் செத்ததுதான், திரும்பி வர முடியாது.

மருந்துக்கடை வைத்திருக்கும் அவருடைய மச்சினன், மந்திரவாதி. அங்கேதான் டிரைவருக்குப் புகைச்சல்.

இரும்பன் நாக்குத் தள்ள வாளைச் சுழற்றி ஒரு பட்டனைச் சாய்ப்பதற்குள், மச்சினன் உட்கார்ந்த இடத்திலிருந்தே "தீ மழை" என்பான். பாதி மேஜை காலி. எல்லோரும் கை தட்டுவார்கள். டிரைவரும் தட்டுவார், சத்தம் வராமல்.

பழைய பதிப்பின் விதிகள் அப்படி. மந்திரவாதி போகப் போகக் கொடி கட்டிப் பறப்பான். வீரன் கடைசிவரை அதே வாளோடு நிற்பான். வீட்டுக்குப் போனாலோ, "என் தம்பி இன்னிக்கு எத்தனை பூதத்தை முடிச்சான்?" என்றுதான் மனைவி கேட்பாள்.

அதைவிட எரிச்சல், அந்தக் குசுகுசு. அன்றைக்கு என்னென்ன மந்திரம் என்பதை மந்திரவாதி ஆட்டத்துக்கு முன்பே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். மச்சினன் அதை டெய்லரின் காதில் சொல்வான். டெய்லர் டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிகள் என்று டிரைவர் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்.

புதுப் பதிப்பின் விதிப் புத்தகத்தை அவரே வாங்கிக்கொண்டு வந்தார். அதில் எல்லாப் பாத்திரமும் சமம். வீரனுக்கு வலு கூட்டியிருந்தார்கள், மந்திரவாதிக்கு வாலை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். மந்திரத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"இனிமே காதுல ஓதற வேலையெல்லாம் வேண்டாம். அவன் சண்டையை அவன் போடட்டும், என் சண்டையை நான் பாத்துக்கறேன். எனக்கு யார் தயவும் வேண்டாம்" என்றார் டிரைவர்.

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, "சரி அத்தான்" என்றான்.

முதல் சண்டை. இரும்பன் வாளை வீச, ஒரே வீச்சில் இரண்டு பட்டன்கள் சாய்ந்தன. மச்சினனின் தீ மழையில் ஒன்றுதான் கருகியது. டிரைவருக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

அடுத்து பூதங்களின் முறை. டெய்லர் பகடை உருட்டினார். ஓர் அம்பு இரும்பனைத் தைத்தது. மறுபடி உருட்டினார். அதுவும் தைத்தது. அடுத்தது கோடரி. டெய்லர் நூல்கண்டை மெதுவாகச் சாய்த்து வைத்தார்.

"இதென்ன அநியாயம்? பழைய பதிப்புல ஒரு அம்பாவது என்னைத் தொட்டிருக்கா? புதுசுல வீரனுக்குக் கவசம் இன்னும் பலம்னு போட்டிருக்கே" என்று டிரைவர் எகிறினார்.

டெய்லர் இஞ்ச் டேப்பைச் சுருட்டியபடி மச்சினனைப் பார்த்தார். அவன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். அவர் கேட்கவில்லை.

"பழசுல உங்க கவசம் ரொம்ப சுமார்ங்க. உங்க மேல அம்பு படாம இருந்ததுக்குக் காரணம், இவர் போட்ட காவல் மந்திரம். பெரிய மந்திரத்தையெல்லாம் உங்களுக்குத்தான் ஒதுக்குவார். மிச்சம் மீதியிலதான் தீ மழை. தெரிஞ்சா அத்தானுக்கு ரோஷம் வந்துடும்னுதான் என் காதுல சொல்வார்."

மச்சினன் தப்புச் செய்தவன் மாதிரி பகடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரும்பனுக்குக் கடைசி மூச்சு இன்னும் மிச்சமிருக்கிறது, மந்திரம் போட்டால் பிழைப்பான் என்றும், அடுத்த முறை மந்திரவாதியுடையது என்றும் டெய்லர் அறிவித்தார்.

டிரைவர் சாய்ந்து கிடந்த நூல்கண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, டெய்லர் பக்கத்திலிருந்த தன் நாற்காலியை நகர்த்தி ஓர் ஆள் நிற்க இடம் விட்டார்.

"மச்சான், அவர் காதுல ஏதாவது சொல்லேன்."