ஒரே பேர்

"கிராட்னாவுக்கா போறே? மலை மேல இருக்கிறதாலே மனசும் கல்லு அவங்களுக்கு. ஊர் பூரா ஒரே பேரு. வெளியாளுங்கள அண்ட விட மாட்டாங்க" என்றாள் துறைமுகத்துக் காபிக்கடைக்காரி பெரினா.

நிவெஸுக்கு அது தித்திப்பாக இருந்தது. தல்மாத்தியத் தீவுகளில் குடும்பப் பெயர்களை எண்ணி, எந்த ஊர் ஜனம் எவ்வளவு கலந்தது என்று மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்பவள் அவள். துறைமுகத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடு, நாற்பத்தேழு குடும்பப் பெயர். நல்ல கலப்பு.

மலை மேல்? மத்தியானத்துக்குள் வீடு வீடாக எண்ணி முடித்துவிட்டாள். அறுபத்தொரு வீட்டில் ஐம்பத்தெட்டு வீட்டுக்குக் குடும்பப் பெயர் பெருவிச்!

மாதா கோயில் வாசலிலிருந்தே பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார்! மாட்டிக்கிச்சு சார்! முந்நூறு வருஷமா கலப்பே இல்லாத ஊர்!"

"பிரமாதம்! பழைய பதிவேட்டை மட்டும் ஒரு தடவை பார்த்துட்டு இன்னைக்கே எழுதி அனுப்பு!"

பதிவேட்டு அலமாரியின் சாவி பார்த்துல் பெருவிச் என்ற கிழவரிடம் இருந்தது. எழுபது வயது. உலர்ந்த அத்திப்பழத்தை அவளுக்கு நீட்டாமல் தான் மட்டும் மென்றுகொண்டே கதவைத் திறந்தார். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை.

பெரினா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏன் மாமா, வெளியாளுன்னா உங்க ஊருக்கு அப்படி என்ன வெறுப்பு?"

"யாரு சொன்னது?"

"கணக்கு சொல்லுது. ஒருத்தரைக்கூட நீங்க உள்ளே விடலை."

"ஓ... கணக்கு சொல்லுதா? அப்ப சரி." அடுத்த பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

நிவெஸ் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினாள். வருடத்துக்கு மூன்று பிறப்பு, நான்கு பிறப்பு. 1687-க்கு வந்ததும் விரல் நின்றது. மறுபடி எண்ணினாள்.

"மாமா, இதென்ன? இந்தப் பதிவேட்டுப்படி அப்போ ஊர்ல பதினாலு வீடுதானே?"

"ஆமா."

"ஒரே வருஷத்துல எண்பத்து மூணு குழந்தை பிறந்திருக்கு!"

"நல்ல விளைச்சல்" என்றார்.

அவள் திருமணப் பதிவேட்டைப் பிடுங்காத குறையாக இழுத்தாள்.

"கத்தரீனா பெருவிச், பிறந்தது 1687. கல்யாணம்... 1688-லேயா? பொண்ணுக்கு ஒரு வயசு! மாப்பிள்ளையும் அதே வருஷம் பிறந்தவன்! அந்தப் பதிவேட்டுல அடுத்த வருஷம் இவங்களுக்கு ரெட்டைக் குழந்தை வேற!"

பார்த்துல் முதல்முறையாகச் சிரித்தார்.

"அந்த வருஷம் துருக்கிப் படைக்குத் தப்பிச்சு, எதிர்க் கரையிலேர்ந்து நாலு படகுல ஜனம் வந்தது. 'தீவுல பிறக்காதவன் எவனா இருந்தாலும் திருப்பி அனுப்பு'ன்னு அப்போ தீவை ஆண்ட வெனிஸ் அதிகாரி உத்தரவு. துறைமுகத்துல பயந்துட்டாங்க, படகு நுழையாம குறுக்கே சங்கிலியைப் போட்டுட்டாங்க. படகுல வந்தவங்க பின்பக்கமா கரையிறங்கி இந்த மலை ஏறினாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பதினாலு வீடும் சேர்ந்து எண்பத்து மூணு பேரைப் பெத்துக்கிச்சு. இங்கேயே பிறந்தவங்கன்னு சாமியார் எழுதிக்கிட்டார்."

தீவிலேயே இதைவிடக் கலந்த ஊர் வேறில்லை! மூன்று வருட ஆராய்ச்சி தலைகீழானது. நிவெஸுக்கோ எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது.

"இதை ஏன் மாமா யாருகிட்டயும் சொல்லலை? கல்மனசுக்காரங்கன்னு கீழே ஏசுறாங்களே!"

"ஏசட்டும்."

"சரி, உங்க குடும்பம்? அந்தப் பதினாலு வீட்டுல ஒண்ணா, படகுல வந்ததா?"

பார்த்துல் பதிவேட்டை மெல்ல மூடினார்.

"அது யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானேம்மா எல்லாருக்கும் ஒரே பேரை வெச்சாங்க!"