இன்னும் கொஞ்சம் குறைக்கணும்

"இன்னும் கொறைக்கணும் தம்பி. சுத்தமா இருட்டாவணும்."

டிவி மெக்கானிக் லூர்துராஜ் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் திரும்பிப் பார்த்தான். படம் மங்கலாக இருக்கிறது என்று அவனைக் கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். படம் பளிச்சென்று தெரிகிறது என்று புகார் சொல்லி, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மண்ணூருக்கு வெயிலில் சைக்கிள் மிதிக்கவைத்த முதல் ஆள் இந்த நடேசன்தான்.

"நல்லாத்தானே தெரியுது, ண்ணே?"

"அதான் கோளாறே. முன்னெல்லாம் இந்த பிரைட்னஸை எடது பக்கம் கடைசி வரிக்கும் திருப்பினா கறுப்பாயிடும். பத்து நாளா இன்னா திருப்பினாலும் வெளிச்சம் அப்படியே நிக்குது. சத்தம் மட்டும் கொறையக் கூடாது, சொல்லிட்டேன்."

டிவிக்குக் கீழே ஒரு வீடியோ கேம் பெட்டி. நடேசனின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. திரையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு கோடுகள், நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி கோட்டில் பட்டால் 'டொக்', சுவரில் பட்டால் 'டிக்', தவறவிட்டால் நீளமாக ஒரு 'கீ'. அவ்வளவுதான் ஆட்டம். அதை இருட்டில் ஆட வேண்டுமாம்!

"வெளிச்சம் பட்டா கண்ணு எரியுதா ண்ணே? வெல்டிங் வேலைன்னு சொன்னீங்களே."

"கண்ண மூடிக்கினுகூட ஆடிப் பாத்தேன் தம்பி. பாழாப்போனது, தானா தொறந்துக்குது."

பாவம், மனுஷனுக்கு நிஜமாகவே கண்ணில் ஏதோ கோளாறு என்று லூர்துராஜுக்குத் தோன்றியது. "இன்னிக்கு ஒரு நாள் ஆடாமதான் இருங்களேன். நாளைக்கு வந்து நிதானமா பாக்கறேன்."

"ஐயோ, அது மட்டும் ஆவாது. நாலு மணிக்கு தாமஸ் வந்துருவான். எங்கூட வெல்டிங்ல இருந்தவன். வேலைய வுட்டு பதினாலு மாசமாவுது. சர்ச்சுக்குக்கூட போறதில்ல. வூட்ட வுட்டு அவன் வெளிய வர்றது ஞாயித்துக்கெழம இந்த ஆட்டத்துக்கு மட்டும்தான். நான் அவன ஏச்சுட்டேன்னு தெரிஞ்சா அதுக்கும் வராம பூடுவான்."

"நீங்க இன்னா ஏச்சீங்க?"

"போன வாரம் ஆறு ஆட்டமும் நான்தான் ஜெயிச்சேன்."

லூர்துராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஜெயிச்சா ஏமாத்தா? ஒங்களுக்குத் தெரியற வெளிச்சம்தானே அவருக்கும் தெரியும்?"

நடேசன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால்.

இவரிடம் பேசிப் பயனில்லை என்று லூர்துராஜ் டிவியின் முதுகைக் கழற்றினான். பிரைட்னஸ் கன்ட்ரோல் உள்ளே தேய்ந்துபோயிருந்தது. பையில் புதிது ஒன்று இருந்தது. பழையதை எடுத்துவிட்டு அதை வைத்துப் பற்றவைக்கும்போது ஒரு சின்னப் பொறி பறந்தது. நடேசன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதுக்கே பயந்துட்டீங்களே! பெரிய பெரிய வெல்டிங்லாம் எப்படித்தான் பண்றீங்களோ?"

"அதுக்கு ஒரு பழக்கம் வெச்சிகிறோம் தம்பி. ராடை வெக்கறதுக்கு முன்னாடி 'கண்ணு!'ன்னு கத்தணும். பக்கத்துல கீறவன் மூஞ்சியத் திருப்பிக்குவான். பொறி தெறிச்சாலும் கண்ணு தப்பிச்சிரும்."

"கத்த மறந்துட்டா?"

"காப்பி எடுத்தாரேன்" என்று நடேசன் உள்ளே போய்விட்டார்.

அவர் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. லூர்துராஜ் குமிழை இடது பக்கம் கடைசிவரை திருப்பிக் காட்டினான். கோடுகள் போயின, புள்ளி போனது. கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து 'டிக், டிக்' சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியதைக் கேட்டவர்போல நடேசன் பெருமூச்சு விட்டார். லூர்துராஜ் குமிழைப் பழையபடி வலது பக்கம் திருப்பிவைத்தான்.

"இருந்தாலும் ஒரு நல்ல டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டிருங்க, ண்ணே."

"எங்கண்ணு நல்லாத்தான் கீது தம்பி." ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல அவர் குரல் இறங்கிவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம். கூடவே ஒரு கணீர்க் குரல். "நடேசா! போன வாரம் ஆடின ஆட்டமெல்லாம் இன்னிக்கு நடக்காதுடா!"

தாமஸ், வாசல்வரை கூட்டிவந்த மனைவி அன்னபுஷ்பத்தின் தோளிலிருந்து கையை எடுத்தார். சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். டிவியின் விளிம்பைத் தடவி, பிரைட்னஸ் குமிழைக் கண்டுபிடித்து, தன் கையாலேயே அதை இடது பக்கம் கடைசிவரை திருப்பினார்.

"இப்போ ஒனக்கும் ஒண்ணும் தெரியாதுல்ல?"

"தெரியாதுடா" என்றார் நடேசன். இந்த வாரம் அது பொய்யில்லை.

லூர்துராஜ் காப்பி டம்ளரோடு அசையாமல் நின்றான்.

பந்தை விடும் பொத்தானில் கைவைத்த நடேசன், பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை கத்த மறந்ததை இப்போது கத்தினார்: "கண்ணு!"

தாமஸ் பழைய பழக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.