மணி அடித்தால் அம்மா

அழைப்பு மணி அடித்ததும் ஹாலில் இருந்த தலைகள் எல்லாம் கதவுப் பக்கம் திரும்பின, ஒன்றைத் தவிர.

வந்தது தூங்குமூஞ்சிப் பையனின் அப்பா. மற்ற தலைகள் தொங்கிப்போய், மறுபடியும் விளையாட்டுக் கட்டைகளை அடுக்கப் போயின.

சாயங்காலம் ஆகிவிட்டால் மிஸ் வீட்டில் இதுதான் நிலவரம். பகலெல்லாம் வீட்டை இரண்டாக்கிய வீரர்கள், செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு, மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருப்பார்கள்.

திரும்பாத அந்த ஒரு தலை வாலுவுடையது. தன் முறை கடைசியில்தான் வரும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் எல்லோருக்கும் முன்பே அவள்தான் தயார். கழுத்தில் தண்ணீர் பாட்டில், மடியில் பை, முகம் மட்டும் உர்ரென்று.

உர்ருக்குக் காரணம் சிவப்பு லாரி.

மதியம் அது அவள் கையில்தான் இருந்தது. இன்றைக்குச் சேர்ந்த புதுப் பையன் அதைப் பிடுங்கினான். அவள் விடவில்லை என்றதும் மணிக்கட்டில் ஒரு கடி கடித்தான். ஓடி வந்த மிஸ், லாரியை அவளிடமிருந்து வாங்கி, கடித்தவன் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவன் புதுசாம், வாலுதான் விட்டுக்கொடுக்க வேண்டுமாம்.

இதிலும் ஒரு நியாயம் இருந்தது. தொழில் நியாயம்.

ஹாலில் நான்கு பாயை விரித்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாசலில் பலகை மாட்டிய புதிதில் வந்து சேர்ந்தது தூங்குமூஞ்சி ஒருவன்தான். அவனுக்கும் பலகைக்கும் வித்தியாசம் தெரியாமல் பல நாள் போயிற்று. மெல்ல மெல்லத்தான் ஹாலில் கூச்சல் சேர்ந்தது. புதுப் பையன் முதல் நாளே அழுத முகத்தோடு வீட்டுக்குப் போனால் மறுநாள் வரமாட்டான். அவனை அனுப்பியவர்கள் நாலு பேரிடம் சொன்னால், இருப்பவர்களும் வரமாட்டார்கள். அதனால் அவன் யாரைக் கடித்தாலும் சரி, அவன் கண்ணில் தண்ணீர் வரக் கூடாது.

மணி அடித்தது. இரட்டையர்களின் அத்தை வந்து, ஒருவனைத் தூக்கிக்கொண்டு இன்னொருவனைத் துரத்திக்கொண்டு போனாள்.

கடைசியாக வந்தாள் புதுப் பையனின் அம்மா. வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள், கழுத்திலிருந்த அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. மகனை வாசலிலேயே நிறுத்தி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கீறல் உண்டா, வீக்கம் உண்டா என்று காது மடல் வரைக்கும் சோதனை நடந்தது. பிள்ளை முழுசாக இருந்தான். கையில் சிவப்பு லாரி வேறு.

நாளைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் என்று அவள் சொன்ன பிறகுதான் மிஸ்ஸுக்குப் போன உயிர் திரும்பியது.

கிளம்பும்போது அவள் கண் வாலுவின் மேல் விழுந்தது.

"இந்தப் பொண்ணோட அம்மா இன்னும் வரலையா?"

மிஸ் குனிந்து பாயைச் சுருட்டினாள். "வந்துருவாங்க. அவங்களுக்கு இன்னும் வேலை முடியல."

இப்படியும் ஒரு அம்மா இருப்பாளா என்று உச்சுக்கொட்டி, வாலுவின் கன்னத்தைத் தட்டிவிட்டு அவள் போனாள்.

மிஸ் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் வாலுவுக்கு எட்டாது என்பதால் போடவில்லை. கட்டைகளைப் பெட்டியில் கொட்டினாள், சிந்தியிருந்த பாலைத் துடைத்தாள். பூப்போட்ட ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஒதுக்கிக்கொண்டு, அலமாரியிலிருந்து கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பைக்குள் ஒன்றுமில்லை.

சமையலறை வழியாகப் பின்பக்கம் இறங்கி, காயும் துணிகளுக்கு அடியில் குனிந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தாள்.

மணியை அடித்தாள்.

"அம்மா" என்று கதவைத் திறந்த வாலு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

பெற்ற மகளை விட்டுவிட்டு வேலைக்குப் போக மனசு வராமல்தான் வீட்டிலேயே இதை ஆரம்பித்தாள். ஆரம்பித்தால், வாலு அம்மா என்று கூப்பிடும் போதெல்லாம் மற்றவர்களுக்கும் அவரவர் அம்மா ஞாபகம் வந்து ஹாலே ஒப்பாரி வைத்தது. கடைசிப் பிள்ளை போகும் வரைக்கும் வாலுவுக்கும் நான் மிஸ்தான் என்று அவள் ஒரு சட்டம் போட்டாள். அப்படியானால் என்னையும் யாராவது வாசலில் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று வாலு இன்னொரு சட்டம் போட்டாள்.

முதல் நாள் சிரித்துக்கொண்டேதான் வீட்டைச் சுற்றி வந்தாள். இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை. மணியில் விரல் வைக்கும்போது, மகளைக் காலையிலிருந்து பார்க்கவே இல்லை என்று நிஜமாகவே மனசு ஏங்குகிறது.

வாலு மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். மிஸ்ஸைப் பற்றிய புகார் ஒன்று விடாமல் வந்தது. யார் பிடுங்கியது, யார் கடித்தது, கடைசியில் லாரி யாருக்குப் போயிற்று என்று எல்லாம்.

அம்மா சிவந்திருந்த இடத்தில் ஊதினாள்.

"ரொம்பத் தப்பு. நாளையிலேர்ந்து அந்த மிஸ்கிட்ட உன்னை விட வேண்டாமா?"

வாலு யோசித்தாள். காலியாகக் கிடந்த ஹாலையும் ஆணியில் தொங்கிய ஏப்ரனையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"பரவால்லம்மா, அங்கயே விடு. மிஸ் பாவம். அவங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் யாருமே வர்றதில்ல."