இறையாண்மைன்னா என்னப்பா?

"இறையாண்மைன்னா என்னப்பா?"

நாளை அரசியல் பரீட்சை. பாடப்புத்தகமும் கையுமாக வந்து நின்றாள் மகள்.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "புத்தகத்துல இருக்கிறதை அப்படியே மனப்பாடம் பண்ணு."

"எத்தனை தடவை படிச்சாலும் மண்டையில ஏறலையே!"

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நம்ம வீட்ல என்ன நடக்கணும்னு நாமதான் முடிவு பண்ணணும். பக்கத்து வீட்டுக்காரங்க மூக்கை நுழைக்கக் கூடாது. நாட்டுக்கும் அதேதாண்டி."

"அட, இவ்ளோதானா!"

"அதை எழுதினா முட்டைதான் கிடைக்கும்" என்று அப்பா சீறினார்.

"அப்ப நீங்களே புரியற மாதிரி சொல்லுங்கப்பா."

அப்பா புத்தகத்தை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார். தொண்டையைச் செருமினார்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, இந்தப் புத்தகத்தை எழுதினதே நீங்கதானே?"

"அதனாலதான் சொல்றேன், மனப்பாடம் பண்ணுன்னு!"