பெயர் எழுத வேண்டாம்

“இதை எழுதினது நீதானே?”

அத்தை செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக உள்ளே வந்து, நான்காக மடித்த தாள் ஒன்றைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

முன்னறைதான் அப்பாவின் சலவைக் கடை. ஜன்னலோரம் நின்று அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேஜையருகே அவர் மகளான அவள், தேய்த்த சட்டைகளை வீடுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். குனிந்து தாளைப் பார்த்தாள். கோணல்மாணலாகச் சில வரிகள்.

‘சின்ன வயதிலிருந்து ஒரு ஞாயிறுகூட ஆலயத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் கண்ணை மூடி ஜெபித்தால் அந்தப் பக்கம் யாரும் இருப்பதாகத் தோன்றவில்லை. சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. வெளியே சொல்லப் பயம். எனக்காக ஜெபியுங்கள்.’

அவள் முகம் வெளுத்துவிட்டது. யார் எழுத்து என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

“ஜெபப் பெட்டியைத் திறந்தேன், இது கிடந்துச்சு” என்றாள் அத்தை. ஜெப விண்ணப்பங்களை எழுதிப் போடும் அந்த ஆலயத்துப் பெட்டியின் சாவி அத்தையிடம்தான் இருக்கும். பிள்ளைகளைச் சபையில் முழு உறுப்பினராக்கும் நாளைய திடப்படுத்தல் ஆராதனைக்கான பெயர்ப் பட்டியலும் அத்தை கையில்தான்.

“பெட்டி மேல ‘பெயர் எழுத வேண்டாம்’னு நீங்கதானே அத்தை எழுதி ஒட்டினீங்க?”

“பெயர் எழுத வேண்டாம்னுதான் போட்டிருக்கேன். கண்டுபிடிக்க மாட்டேன்னு போட்டேனா?”

அப்பா தலையைத் தூக்கினார். “அக்கா, விடேன். யாரோ மனசு கஷ்டத்துல...”

“நீ சும்மா இரு தம்பி. நீ கொடுத்த செல்லம்தான் இவ்வளவுக்கும். பள்ளிக்கூடத்தை விட்டு மூணு வருஷம் ஆகுது, ஆனா இவளுக்கு மாசம் ஒரு நோட்டு தீருது. கோடு போட்ட தாள், ஓரத்துல சிவப்புக் கோடு. இந்தத் தாள் வேற யார் வீட்டுல இருக்கு? எழுத்தைக் கோணலா மாத்தி எழுதிட்டா எனக்குத் தெரியாதாக்கும்!”

அவள் ஒரு சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“சரி, இதைச் சொல்லு. உனக்கு விசுவாசம் இருக்கா, இல்லையா?”

“சில நாள் இருக்கு அத்தை. சில நாள் இல்ல.”

“இது என்ன கரண்டா, வந்து வந்து போறதுக்கு?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“நாளைக்குப் பேராயர் உன் தலையில கை வச்சு ‘விசுவாசிக்கிறாயா?’ன்னு கேப்பார். அப்ப என்ன சொல்லுவ? ‘இருங்க, இன்னைக்கு என்ன கிழமைன்னு பாத்துட்டுச் சொல்றேன்’னா?”

“நம்பணும்னு ஆசையா இருக்குன்னு சொல்லலாம்னு இருந்தேன்.”

அது உண்மை. பள்ளியைப் பாதியில் விட்ட பிறகு அவள் முழுதாக முடித்த ஒரே படிப்பு அந்த ஆறு மாதத் திடப்படுத்தல் வகுப்புதான். வெள்ளை உடையை அப்பா காலையிலேயே தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டார். நாளைக்காக அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“இந்தச் சீட்டுல என்ன தப்பு அத்தை?” என்றாள் மெதுவாக. “கடைசி வரியைப் பாருங்க. ஜெபியுங்கன்னுதானே கேட்டிருக்கு? நம்பிக்கை சுத்தமா செத்துப்போயிருந்தா அப்படிக் கேக்கத் தோணுமா? இதை எழுதினவங்க பொய் சொல்லல. அது போதாதா?”

இஸ்திரிப் பெட்டி ஓரிடத்திலேயே நின்றது. காலர் தீயும் வாசனை வந்த பிறகுதான் அப்பா அதை எடுத்தார்.

“பாத்தியா தம்பி? எப்படி நியாயம் பேசுறா!” அத்தை பையிலிருந்து வேதப் புத்தகத்தை எடுத்து வைத்தாள். “பேச்சு வேண்டாம். இது மேல கை வச்சு, ‘நான் எழுதல’ன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் பேர் பட்டியல்ல அப்படியே இருக்கும். நான் வேற ஆளைத் தேடுறேன்.”

“தேடாமலே விட்டுடுங்களேன்.”

“எப்படி விட முடியும்? கூடையில ஒரு பழம் அழுகினா எது அழுகினதுன்னு தெரிய வேண்டாமா? கண்டுபிடிக்காம எனக்குச் சோறு இறங்காது.”

அவள் கையைத் தூக்கினாள். தோல் அட்டைக்கு ஒரு விரற்கடை மேலே கை நின்றது. ஒரே ஒரு வார்த்தைதான். அத்தை கண் கொட்டாமல் பார்த்தாள்.

கையை இழுத்துக்கொண்டாள்.

“என் பேரை அடிச்சிடுங்க அத்தை.”

“அப்ப நீதான்!”

அத்தை பேனாவைத் திறந்தாள். பதினேழு பேர் கொண்ட பட்டியலில் ஒன்பதாவது பெயர்மேல் கோடு விழுந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அழுத்திக் கோடு போட்டாள் அத்தை.

“அடுத்த வருஷம் மறுபடி வகுப்புக்கு வா. நாளைக்கு மத்தவங்க எல்லாரும் முன்னால போகும்போது நீ பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பாரு. அப்பத்தான் புத்தி வரும்.” வேதப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள். குரல் தணிந்தது. “தம்பி, நாளைக்கு நீ பீடத்துல நின்னு வேதபாடம் வாசிக்கும்போது தலையைக் குனிஞ்சுக்காதே. பிள்ளை இப்படி ஆனதுக்கு நீ என்ன பண்ணுவ? உன் விசுவாசம் ஊருக்கே தெரியும்.”

அத்தையின் செருப்புச் சத்தம் தெருவில் இறங்கியது.

அவள் சட்டைகளை எண்ணத் தொடங்கினாள். இரண்டு முறை தப்பாக எண்ணினாள்.

“ஏம்மா?” என்றார் அப்பா.

“எனக்கு அடுத்த வருஷம் இருக்குப்பா” என்றாள், நிமிராமலே.

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துச் சுவிட்சை அணைத்தார். பிறகு, பத்து நாளுக்கு முன்னால் மகளின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துத் தன் கையாலேயே எழுதிப் பெட்டியில் போட்ட அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு, அக்கா போன திசையில் வேகமாக நடந்தார்.